அமாவாசையில் நிறைந்த நிலவு
(அபிராமி பட்டர் வாழ்வும் வழிபாடும்)

சோழநாட்டின் கீழ்க்கடற்கரையை ஒட்டி, பூம்புகாருக்குத் தெற்கே, தரங்கம்பாடிக்கு அண்மையில் அமைந்த தொன்மையான ஊர் திருக்கடவூர். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் திருக்கடையூர் என வழங்கப்பெறுகிறது. சிவபெருமானின் அட்ட வீரட்டத் தலங்களுள் இது ஒன்று. மார்க்கண்டேயருக்காகக் காலனை உதைத்த தலம். தேவார மூவரும் பாடிய பெருமை உடையது. குங்கிலியக்கலய நாயனாரும் காரி நாயனாரும் வாழ்ந்த ஊர். அறுபதும் எண்பதும் நிறைந்த தம்பதியர் மீண்டும் மணக்கோலம் பூண இன்றும் இங்கே வந்த வண்ணம் உள்ளனர். இப்பெருமைகள் அனைத்தும் அமுதகடேசரைச் சார்ந்தவை. ஆயினும் திருக்கடவூர் என்றதும் தமிழ் நெஞ்சங்களில் முதலில் எழுபவள் அபிராமியம்மையே. அவளை அவ்வாறு எழச் செய்தவர் ஒரு புலவர்.

அபிராமி பட்டரை அறியாத தமிழர் அரியர். அவர் அறியப்படுவதோ ஓர் இரவின் அற்புதத்தால். அமாவாசையன்று நிலவை வரவழைத்தவர் என்ற ஒரு வரியில் அவர் வாழ்க்கை அடங்கிவிடுகிறது. அந்த இரவுக்கு முன்னே ஆண்டுக்கணக்கில் நீண்ட வழிபாடு ஒன்று இருந்தது. அது கண்டாரால் பழிக்கப்பட்டது, எவராலும் புரிந்துகொள்ளப்படாதது. அந்த வழிபாடு இல்லையேல் அந்த இரவும் இல்லை. அந்த நூலும் இல்லை. பட்டரின் வாழ்வை அவ்வழியே நோக்குவது பாவலர்க்குப் பயன் தரும்.

பிறப்பும் காலமும்

பட்டரின் இயற்பெயர் சுப்பிரமணியன். தந்தையார் பெயர் அமிர்தலிங்கம் என்று மரபு கூறும். அந்தணர் குடி. தஞ்சையை மராட்டிய மன்னர் முதலாம் சரபோசி 1712 முதல் 1728 வரை ஆண்ட காலமே பட்டரின் காலம் எனக் கொள்வர். மதுரை நாயக்கர் ஆட்சியில் விசயரங்க சொக்கநாதர் அரியணையில் இருந்த காலமும் அதுவே.

அக்காலத்தின் இயல்பை உணர ஒரு செய்தியை இங்கு நினைவுகூரலாம். திருக்கடவூருக்குச் சில கல் தொலைவில் உள்ள தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை கட்டி வாணிகம் செய்துவந்தனர். 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் செருமானியப் பாதிரியார் தமிழ் எழுத்துகளை அச்சில் வார்க்க முயன்று, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். ஒரு புறம் தமிழ், அச்சு எந்திரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மறுபுறம் சில கல் தொலைவிலுள்ள கோயிலில் ஒருவர், எழுதாத மந்திரத்தை உதட்டசைவும் இன்றி உள்ளத்துள் உருவேற்றிக்கொண்டிருந்தார். இரண்டும் தமிழுக்கு வாய்த்த பேறுகளே.

அடிப்படையும் ஆழமும்

பட்டர் பின்பற்றியது ஸ்ரீவித்தை என வழங்கும் சாக்த நெறி. அதற்கு அவருடைய நூலே சான்று. கரும்பு வில், மலர்க்கணை, பாசம், அங்குசம் ஏந்திய திரிபுரசுந்தரியின் கோலமும், ஒளிவிடும் ஒன்பது கோணங்களில் அவள் வீற்றிருக்கும் நிலையும் அந்தாதியில் பேசப்படுகின்றன.

இந்நெறியில் புகுவோர் முதலில் கற்பவை எளியவை. நீராடல், இருக்கையில் அமர்தல், விளக்கேற்றல், மந்திர எழுத்துகளை உடலின் உறுப்புகளில் வைத்து நினைத்தல், மலர் தூவுதல், மூன்றெழுத்துப் பாலை மந்திரத்தை ஓதுதல் என்பன தொடக்கநிலைகள். உரிய காலத்தில் ஆசிரியர் பதினைந்தெழுத்து மந்திரத்தையும், அதன்பின் பதினாறெழுத்து மந்திரத்தையும் வழங்குவார். புறப்பூசைக்கு உரியது ஸ்ரீசக்கரம். ஐந்து முக்கோணங்கள் கீழ்நோக்கியும் நான்கு மேல்நோக்கியும் ஒன்றையொன்று வெட்ட, நடுவில் 43 முக்கோணங்கள் அமையும். ஒன்பது சுற்றுகளைக் கடந்து நடுப்புள்ளியை அடைவதே பூசையின் முறை.

இவற்றைக் கற்றவர் பலர். கற்றபின் யாது செய்வது என்னும் வினாவில்தான் பெரும்பாலோர் தேங்கிவிடுகின்றனர். மேலும் ஒரு மந்திரம், மேலும் ஒரு சக்கரம், மேலும் ஒரு தெய்வம் எனப் பக்கவாட்டில் பரவிச் செல்வதை வளர்ச்சி என எண்ணுவோர் உண்டு. மரபு காட்டும் வழி வேறு. அம்மைக்கு உருவும் சக்கரமும் தூல வடிவம். மந்திரம் நுண் வடிவம். நினைப்பே உருவான உள்நிலை பரவடிவம் என மூன்று படிகளை அது வகுக்கிறது. அதே விளக்கு, அதே மலர், அதே பெயர் ஆகியவை கையிலிருந்து நாவுக்கும், நாவிலிருந்து நெஞ்சுக்கும் இறங்கவேண்டும். கிணற்றைப் பல இடங்களில் தோண்டுவோர்க்கு நீர் கிட்டாது. ஓரிடத்தில் தோண்டுவோர்க்கே ஊற்று கிட்டும்.

பட்டர் ஓரிடத்தில் தோண்டியவர். நிற்கும்போதும் இருக்கும்போதும் படுக்கும்போதும் நடக்கும்போதும் தம் நினைவு அவளே என்று அவர் பாடுகிறார். எண்ணுவது அவள் புகழ், கற்பது அவள் பெயர், சேர்வது அவளை விரும்பிய அடியார் கூட்டம் எனத் தம் நாட்பொழுதை அவர் கணக்கிட்டுக் காட்டும் பாட்டும் உண்டு. அது வெறும் புகழ்ச்சி அன்று. சாதகர் ஒருவரின் நாட்குறிப்பு எனலாம்.

நிலவைப் பற்றிய ஒரு நுட்பமும் இந்நெறியில் உண்டு. திங்களின் பதினைந்து திதிகளுக்கும் பதினைந்து நித்தியா தேவியர் உரியர். நாளுக்கு ஒரு தேவியாக வளர்பிறையிலும் தேய்பிறையிலும் அவர்களை வழிபடுவர். பதினாறாவது கலை ஒன்று உண்டு. அது வளர்வதும் இல்லை, தேய்வதும் இல்லை. அக்கலையே அம்மை என்பது மரபு. வானத்து நிலவு முற்றும் மறைந்த நாளிலும் அந்தக் கலை மறைவதில்லை. யோகநெறி நின்றோர் தலையின் உச்சியில் முழுமதி மண்டலத்தைக் கண்டு அதினின்றும் அமுதம் பொழியக் காண்பர் என்றும் நூல்கள் கூறும். அம்மை உறையும் கோயில் எதுவென வினவும் ஒரு பாட்டில், கணவரின் ஒரு பாகமோ, மறைகளின் அடியோ முடியோ, அமுதம் நிறைந்த வெண்திங்களோ, தம் நெஞ்சமோ எனப் பட்டர் அடுக்குகிறார். திங்களையும் நெஞ்சையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணியவர் அவர் என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அவ்விரவின் விடைக்கு இதுவே திறவுகோல்.

ஊராரின் ஐயம்

இத்தகைய வாழ்வு ஊராருக்குப் புரியவில்லை. கோயிலில் பட்டர் தம்மை மறந்து சிரிப்பார், அழுவார், அசைவற்று அமர்ந்திருப்பார். பித்தர் என்றனர் சிலர். மறைநெறி தவறியவர் என்றனர் சிலர். சிறுதெய்வம் ஒன்றை மறைவில் வணங்கி மாந்திரீகம் செய்பவர் என்றும் பழி எழுந்தது. பலி கொள்ளும் தெய்வங்களிடம் சென்று அன்பு பூணமாட்டேன் என அவர் பாடிய பாட்டை இப்பழிக்கு அவர் தந்த விடையாகக் கொள்ளலாம். தம்மைப் பழித்தவரை அதில் அவர் பழிக்கவில்லை. தம் நெறியைத் தெளிவுபடுத்தியதோடு நிறுத்திக்கொண்டார்.

பெண்தெய்வத்தையும் நிலவையும் தனித்திருந்து வழிபடுவோரை உலகம் ஐயுறுவது எந்நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் சூனியத்துக்கு எதிரான பழைய சட்டம் 1951இல்தான் நீக்கப்பட்டது. அதன்பின் 1954இல் செரால்டு கார்ட்னர் என்பவர் வெளியிட்ட நூலால் விக்கா என்னும் வழிபாட்டு நெறி பலர் அறிய வெளிப்பட்டது. இவர் இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பணிபுரிந்தவர். நிறைமதி நாள்களிலும் ஆண்டின் எட்டுப் பருவ விழாக்களிலும் தேவியை வழிபடுவது அந்நெறி. வட்டம் இடவும் விளக்கேற்றவும் கற்பது அங்கும் எளிது, ஆழ்வது அரிது. 1953இல் அந்நெறியில் தீக்கை பெற்ற டொரீன் வாலியன்ட் என்னும் பெண்மணி, தம் ஆசிரியர் தந்த சடங்கு நூலை ஓதுவதோடு அமையவில்லை. அதில் பிறரிடமிருந்து வந்து கலந்தவை எவை எனத் தேர்ந்து நீக்கினார். தேவியே பேசுவதாக அமைந்த உரையைத் தம் மொழியில் புதிதாக ஆக்கினார். அவரும் ஒரு கவிஞரே. காலமும் நாடும் நெறியும் வேறாயினும் ஓர் உண்மை பொதுவாகப் புலனாகிறது. வழிபாடு ஆழ்ந்தவிடத்துச் சொல் புதிதாகப் பிறக்கிறது. இரவல் மொழி அங்கே போதுவதில்லை.

தை அமாவாசை

தை அமாவாசையன்று பூம்புகார்க் கடலில் நீராட வந்த சரபோசி மன்னர் திருக்கடவூர்க் கோயிலுக்கும் எழுந்தருளினார். அனைவரும் எழுந்து நின்று வணங்கினர். பட்டர் மட்டும் அம்மையின் எதிரே அமர்ந்த நிலையில் இருந்தார். அரசர் வினவ, அருகில் இருந்தோர் தம் நெடுநாளைய குறையைக் கூறினர். மன்னர் பட்டரை அணுகி அன்றைய திதி யாது எனக் கேட்டார். பஞ்சாங்கம் அறிந்த குடியில் பிறந்தவர்க்கு அது சிறுபிள்ளையும் விடை சொல்லும் வினா. பட்டரோ அம்மையின் திருமுகத்து ஒளியில் தோய்ந்திருந்தார். பௌர்ணமி என்றார். அன்றிரவு நிலவு தோன்றாவிடில் ஒறுக்கப்படுவார் என்று அரசாணை பிறந்தது.

மயக்கம் தெளிந்தபின் நிகழ்ந்ததைப் பட்டர் அறிந்தார். அப்போது அவர்முன் எளிய வழி ஒன்று திறந்தே இருந்தது. தம்மை மறந்து சொல்லிவிட்டதாகக் கூறிப் பொறுத்தருள வேண்டியிருந்தால் மன்னர் மன்னித்திருக்கக்கூடும். ஊராரும் பித்தர் சொல் என்று சிரித்துக் கலைந்திருப்பர். பட்டர் அதைச் செய்யவில்லை. அம்மையை நினைந்த நிலையில் தம் நா சொன்ன சொல் பொய் என ஒப்புக்கொண்டால், அந்நிலையும் பொய், அத்தனை ஆண்டு வழிபாடும் பொய் என ஆகிவிடும். வானத்தைப் பார்த்தவருக்கு அன்று அமாவாசை. உள்ளே பார்த்தவருக்கு அன்று தேயாக் கலை நிறைந்த நாள். தாம் கண்டதைச் சொன்ன சொல்லுக்கு அவர் தம் உயிரைப் பிணையாக வைத்தார்.

குழி தோண்டித் தீ வளர்க்கச் செய்து, அதன்மேல் நூறு கயிறுகளில் தொங்கும் உறி அமைத்து, அதில் ஏறி நின்று பாடத் தொடங்கினார் என்பது மரபு. ஒரு பாட்டு முடிய ஒரு கயிற்றை அறுப்பர். நூறும் முடிந்தும் நிலவு எழாவிடில் அடியில் இருப்பது தீ. எழுபத்தொன்பதாம் பாட்டில் அம்மை தன் தாடங்கத்தைக் கழற்றி விண்ணில் எறிந்தாள்; அது முழுமதியாய் ஒளிர்ந்தது. அமுதக் குடத்தின்முன் திருமால் கழற்றி வைத்த அணிகலன்களிலிருந்தே அபிராமி தோன்றினாள் என்பது இத்தல வரலாறு. அணியிலிருந்து பிறந்தவள் அடியவரைக் காத்ததும் ஓர் அணியாலே என்பது கருதத்தக்கது.

நூலின் கட்டமைதி

நூலின் யாப்பை நோக்குவார்க்கு வேறோர் அற்புதமும் புலப்படும். அபிராமி அந்தாதி கட்டளைக் கலித்துறையால் ஆனது. அடிதோறும் ஐந்து சீர். முதல் நான்கும் வெண்டளை பிறழாமல் வர, ஐந்தாம் சீர் விளங்காய்ச் சீராதல் வேண்டும். நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி எழுத்து 16. நிரையசையில் தொடங்குவதற்கு 17. ஓர் எழுத்து கூடினும் குறையினும் கட்டளை கெடும். இவற்றோடு ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாகவும் வரவேண்டும். எழுத்தெண்ணிப் பாடும் இந்த யாப்பைத் தீயின்மேல் நின்று பாடியதாக மரபு பேசுகிறது. அவ்வாறு நாவில் எழவேண்டுமாயின், மந்திரத்தைப் போலவே யாப்பும் நெடுநாள் பழகி மூச்சோடு மூச்சாகக் கலந்திருத்தல் வேண்டும். நெருக்கடி எவர்க்கும் புலமையைத் தந்துவிடுவதில்லை. முன்னரே உள்ளதை அது வெளிக்கொணர்கிறது.

இனி, நிலவு எழுந்ததாகக் கூறும் எழுபத்தொன்பதாம் பாட்டின் பொருளைக் காண்போம். நிலவு வேண்டும் என்ற விண்ணப்பம் அதில் இல்லை. அரசர் இல்லை, ஆணை இல்லை, அச்சமும் இல்லை. அம்மையின் விழியில் அருள் உண்டு, மறை சொன்ன வழியில் அவளை வழிபட நெஞ்சமும் தமக்கு உண்டு, அவ்வாறிருக்கப் பழியிலும் பாவத்திலும் உழன்று நரகக் குழியில் ஆழ்வாரோடு தமக்கு என்ன உறவு என்பதே அதன் கருத்து. நூல் முழுவதும் தேடினும் உயிர்ப்பிச்சை கேட்கும் பாட்டு கிடைப்பதில்லை. அன்றாடம் அவர் செய்துவந்த வழிபாடே அன்றும் நிகழ்ந்தது. இடம் மட்டும் தீயின்மேல் அமைந்தது.

அந்தாதித் தொடையின் பயனும் இங்கே சிறந்து தோன்றுகிறது. தீயோரோடு என்ன கூட்டு என எழுபத்தொன்பதாம் பாட்டு முடிகிறது. எண்பதாம் பாட்டு அதே கூட்டு என்னும் சொல்லிலிருந்து எழுந்து, தன் அடியாரோடு தம்மைக் கூட்டிய அம்மையின் அருளை வியக்கிறது. விலக்கிய சொல்லே சேர்க்கும் சொல்லாக மாறிவிடுகிறது. ஊர் பழித்தவர், ஊரை வெறுக்காமல் வேறொரு கூட்டத்தைக் கண்டடைந்த கதை அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

நிலவு எழுந்தபின் பட்டர் நிறுத்தவில்லை என்பதும் நினையத்தக்கது. அரசர் பணிந்துவிட்டார், உயிர் தப்பிவிட்டது. எஞ்சிய இருபத்தொரு பாட்டுகளுக்குப் புறத்தே ஒரு தேவையும் இல்லை. ஆயினும் நூறும் பாடி, முதற்பாட்டு தொடங்கிய சொல்லிலேயே நூறாம் பாட்டை முடித்து மண்டலித்தார். அற்புதம் வழியில் எதிர்ப்பட்டது. வழி அதனோடு முடியவில்லை. அடைந்த நிலையைக் காட்டிக்கொள்ளும் சாதகர் எழுபத்தொன்பதில் நின்றிருப்பார். பட்டர் மீண்டும் முதற்சொல்லுக்கே வந்து சேர்ந்தார். அடிப்படையைக் கடத்தல் என்பது அடிப்படைக்குத் திரும்பி வருதலே என்பதை இந்நூலின் வடிவமே உணர்த்துகிறது.

கடம்பவனக் காட்சி

வைகைக் கரையினர் தனியே மகிழ்தற்குரிய செய்தி ஒன்றும் இந்நூலில் உண்டு. எழுபதாம் பாட்டில் பட்டர் கண்குளிரக் காணும் அம்மை கடம்பவனத்தில் நிற்கிறாள். அவள் கையில் வீணை. திருமேனி பச்சை வண்ணம். பிறப்பு மதங்கர் குலத்தில். கடம்பவனம் மதுரை ஆதலின், அவள் மீனாட்சியே என அறியலாம். தொண்ணூற்றொன்பதாம் பாட்டிலும் அம்மை கடம்பவனத்தில் குயிலாகவும், இமயத்தில் மயிலாகவும், விண்ணில் கதிரொளியாகவும், தாமரையில் அன்னமாகவும் இருக்கிறாள்.

ஒரே தெய்வத்தில் ஆழ்ந்தவர் பிற தலங்களைக் காணாதொழிவார் என்ற எண்ணம் உண்டு. பட்டரிடம் அது பொய்யாகிறது. திருக்கடவூர்ச் சந்நிதியை விட்டு நீங்காமல் தோண்டியவருக்கு மதுரையும் இமயமும் அதே ஊற்றில் தென்பட்டன. நெடுந்தொலைவில் உள்ள வைகைக்கரையின் பச்சைநாயகியை அவர் காவிரிக்கரையில் இருந்தே கண்டார்.

பட்டருக்குப் பின்

மன்னர் தம் பிழை உணர்ந்து பட்டரை வணங்கி, நிலமானியம் அளித்தார் என்று மரபு கூறும். அபிராமி பட்டர் என்ற பெயரும் அதன்பின் நிலைத்தது. அவர் இயற்றிய அபிராமியம்மைப் பதிகத்தில் கலையாத கல்வியும் கபடு வாராத நட்பும் நோயற்ற உடலும் வேண்டப்படுகின்றன. தீயின்மேல் நின்று உயிர்ப்பிச்சை கேளாதவர், உலகோர்க்காக அனைத்தையும் கேட்டுவைத்தார் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் கி.வா. சகந்நாதன் அந்தாதிக்கு விரிந்த விளக்கம் எழுதினார். கண்ணதாசனும் உரை கண்டார். 1971இல் வெளிவந்த ஆதிபராசக்தி திரைப்படத்தில் எஸ்.வி. சுப்பையா பட்டராக நடிக்க, மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராசனின் குரலில் அவ்விரவு தமிழகத்தின் சிற்றூர்தோறும் சென்று சேர்ந்தது. அந்தக் காட்சியில் நிலவைக் கண்டு கண்ணீர் உகுத்தவர் பலர். திருக்கடவூர்க் கோயிலில் இன்றும் தை அமாவாசை இரவில் அந்தாதி பாடப்பட்டு, நிலவு தோன்றும் நிகழ்ச்சி நடத்தப்பெறுகிறது.

நிலவைக் காணக் கூட்டம் கூடுகிறது. நிலவு மறைந்தபின் மறுநாள் வைகறையில் கோயில் கதவு திறக்கிறது, விளக்கேற்றப்படுகிறது, மலர் தூவப்படுகிறது, முதற்பாட்டு ஓதப்படுகிறது. பட்டர் வாழ்ந்தது பெரும்பாலும் அந்த மறுநாள் காலைகளில்தான். ஒருவரும் பாராத அக்காலைகளில் ஒரே பெயரை மீண்டும் மீண்டும் சொல்லியவரின் நாவில்தான் ஒரு நாள் நூறு பாட்டுகள் பிழையின்றி எழுந்தன. ஒவ்வொரு முடிவையும் அடுத்த தொடக்கமாக ஏற்கும் அந்தாதி நெறியே அவர் வாழ்ந்த நெறி. கவிதையைக் காதலிப்போர்க்கும் தெய்வத்தைக் காதலிப்போர்க்கும் அவர் விட்டுச்சென்ற வழி அதுவே.